வாசலில் ஆறிப்போன தேநீர்

பாத்தாம் தீவு, செவ்வாய்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

மதம் வேறான கல்யாணம் நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மருமகன் ஷாஃப்ரில், நோன்போடு என்னைத் தேவாலயத்துக்கு வண்டியில் கூட்டிப்போய் வாசலில் காத்திருந்தார். எங்கள் சபையின் மார்த்தா அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்திருக்கிறார். மறுக்கக் கூச்சப்பட்டு, இவர் அதை ஆராதனை முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, எங்க டீ தொண்டைல இறங்காதா?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நல்லா இறங்கும்க்கா.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நோன்பு திறக்க வாழைப்பழ கேக் கட்டிக்கொடுத்தார்.

நீங்கள் வந்தால் பன்றிக்கறி சமைக்க, ஷாஃப்ரிலே தனியாக ஓர் இரும்புச்சட்டி வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை. நீங்கள் வந்துதான் பழக்க வேண்டும், அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மெய்கே