மறுகாலின் மேல் ஏழு பூச்சு

இன்று காலை மட்டக்குழாயில் தண்ணீரை ஊற்றியபோது, எட்டு மாதமாக ஆணியில் தொங்கிக் கிடந்த பிளாஸ்டிக்கின் புளித்த வாசனையும், உள்ளே காய்ந்திருந்த பாசியின் வாசனையும் சேர்ந்து எழுந்தன. ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனையை நீ பிடிப்பாய். இருவர் இல்லாமல் மட்டம் பார்க்க இயலாத கருவி அது. நீ போனபின் அதை நான் தொடவே இல்லை. இன்று மறுமுனையை ஒரு கம்பில் கட்டிவிட்டு, அங்கும் இங்குமாக நானே ஓடி, மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் விடை ஒன்றுதான். நீ சொன்னது சரி. நம் பூங்கா நிறைந்தால் நீர் வழியும் மறுகால் உயர்ந்துவிட்டிருந்தது. கீழத்தெருப் பக்கத்துக் கரையின் மூலையைவிட நான்கு விரற்கடை உயரமாக நின்றது.

ஐப்பசி பிறந்து பத்து நாளாகிறது. மேற்கே மலை இருக்கும் இடத்தில் ஒரே சாம்பல் நிறம். பாபநாசத்தில் நேற்றிலிருந்து மழை விடவில்லையாம். நாளை இரவுக்குள் நமக்கும் மிகக் கனமழை என்று அறிவித்திருக்கிறார்கள். கடிதம் எழுதும் நேரமா இது என்று நீ கேட்பாய். இதுவரை எவரிடமும் சொல்லக் கூசிய ஒன்றை உன்னிடமும் சொல்லியாக வேண்டும். எனக்கு அச்சமாக இருக்கிறது. 

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் என்பதையும், நாற்றுப் பண்ணை நடத்திக்கொண்டே, நூலகத்தில் எவரும் தொடாத ஆங்கில நூல்களை அகராதியின் துணையோடு வாசித்து நில வடிவமைப்பைக் கற்றுக்கொண்டவள் என்பதையும் நான் யாரிடமும் மறைத்ததில்லை. சொல்லாமல் விட்டதும் இல்லை. பழைய குளத்தைத் தூர்த்து எழுந்த நம் குடியிருப்பில், பூங்காவுக்கென்று மிஞ்சிய ஒரே நிலத்தில் குடியிருப்போர் சங்கம் நீரூற்றும் புல்தரையும் கேட்டது. நான் பள்ளம் கேட்டேன். மேலத்தெருக்களின் மழைநீரெல்லாம் இறங்கி வந்து தங்கும்படி ஓர் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்த தரை, சுற்றிலும் உட்காரப் படிகள், படிகளில் மருதமும் புங்கமும். கோடையில் அது நிழல். மழையில் அது குளம். நிறைந்தால் நீர் வழிய, கரையில் கல் பாவிய ஒரு தாழ்ந்த வாய். அதுதான் மறுகால். அதன் வழியே வெளியேறும் நீர் கீழத்தெருவின் முப்பது வீடுகளையும் தொடாமல் வாய்க்காலுக்குப் போய்ச் சேர வேண்டும். வரைபடத்தைப் பார்த்த பொறியாளர் ஒருவர், எந்தக் கல்லூரி என்று கேட்டார். "எந்தக் கல்லூரியும் இல்லை, பிழை இருந்தால் காட்டுங்கள்" என்றேன். அவரால் காட்ட முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் எத்தனை முறை திரும்பச் சொல்லியிருப்பேன் என்பது உனக்குத் தெரியும்.

மண் வெட்ட வந்த சித்தாள்களுள் ஒருத்தியாக நீ வந்தாய். முதல் நாளே மண்வெட்டியை ஊன்றி நின்று, "ஏம்மா, பூங்கான்னா மேட்டுலல்லா வைப்பாவ. நீங்க என்ன, குழிக்குள்ள வைக்கிய?" என்றாய். நான் நீர்த்தேக்கம், நிலத்தடி ஊட்டம், வெப்பத் தணிப்பு என்று பத்து நிமிடம் விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையே தமிழ்ல சொன்னா என்ன?" என்றாய். தமிழில்தான் சொன்னேன் என்றேன். "அப்படியா? எனக்கு வக்கீல் நோட்டீஸ் வாசிச்ச மாதிரில்லா இருந்துச்சு." சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்கு நுனி வரை கோபம். மாலையில் மட்டம் பார்க்க ஆள் தேவைப்பட்டபோது, குழாயின் மறுமுனையை உன்னிடம்தான் நீட்டினேன். இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றைக்கே 'அம்மா' போய் 'ஏளா' வந்துவிட்டது.

நீ மலைமேல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, வாக்கப்பட்டுக் கீழத்தெருவுக்கு இறங்கியவள். எஸ்டேட்டை ஆட்கள் காலிசெய்துகொண்டிருந்த நாட்களில் உன் தம்பியைப் பார்க்க என்னையும் பேருந்தில் அழைத்துப் போனாய். தேயிலை வரிசைகளுக்கு நடுவே மழைநீர் ஓடுவதற்கு வெட்டிய கான்களின் ஓரமாக நடந்தோம். பேச்சின் நடுவிலேயே நீ குனிந்து, ஒரு கானில் அடைத்திருந்த இலைகளைக் கையால் அள்ளி வெளியே போட்டாய். உன் தம்பி கேலி செய்தான்: "யக்கா, இங்கன மனுசனே இருக்கப் போறதில்ல. நீ யாருக்குக் கான் எடுக்க? காட்டெருமைக்கா?" நீ சிரிக்கவில்லை. எட்டு வயதில், அடைத்துக் கிடந்த ஒரு கானால் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டின் சுவர் விழுந்ததைப் பார்த்தவள் நீ. அந்தச் சுவருக்குள் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டேன். நீ அடுத்த கானுக்குக் குனிந்து இலைகளை அள்ளினாய்.

அதற்கு முந்திய மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நம் பூங்கா நிறைந்தது; மறுகால் பாய்ந்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் நீர் நுழையவில்லை. எனக்கு மாலை போட்டார்கள். ஆனால் கீழத்தெருப் பெண்கள் அதை அம்மனின் காவல் என்று நம்பினார்கள். அடுத்த அம்மன் கோயில் கொடை விழாவுக்கு, மறுகாலின் கல்தளத்தின் மேலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கலிட்டார்கள். மேலத்தெருப் பெண்களும் பானையோடு வந்தார்கள். அதுவரை ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்காத இரண்டு தெருக்கள், ஒரே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நூல்களில் நான் வாசித்ததெல்லாம் என் கண்முன்னே நடந்தது. அதைவிடப் பெரிய பட்டம் எந்தக் கல்லூரி தரும்?

பிறகு ஒரு வழக்கம் உண்டாயிற்று. நேர்ச்சை பலித்தவர்கள் அடுப்புத் தரைக்குச் சிமெண்டுப் பூச்சு ஒன்று போட்டுத் தருவது. மகளுக்குப் பிள்ளை பிறந்ததற்கு ஒருவர், மகனுக்கு வேலை கிடைத்ததற்கு ஒருவர். ஈரம் காயுமுன் ஆணியால் பெயரைக் கீறி வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் என்னை முன்வரிசையில் நிறுத்திச் சூடம் காட்டினார்கள். நானும் நின்றேன்.

நீதான் சொன்னாய். "ஏளா, மறுகாலு ஒசந்துக்கிட்டே போவுது. ஒரு தடவ கொழாயப் புடிச்சுப் பாத்துருவோமா?"

"நான் வைத்த மட்டம் தவறாது."

"நீ வச்சது தவறாது. அதுக்கு மேல பூசுதவளுக்கு என்ன தெரியும்?"

விரல் கனத்துக்கு ஒரு பூச்சு. அதனால் என்ன ஆகிவிடும் என்றேன். அந்த அடுப்புகளைத் தடுத்தால் இரண்டு தெருக்களும் பழையபடி பிரிந்துவிடும் என்று வாதிட்டேன். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனாலும் என் படைப்பில் பிழை இருக்கக்கூடும் என்று குழாயைத் தூக்கிக்கொண்டு பலர் முன்னே நடக்க எனக்கு மனமில்லை என்பதே உண்மை. நீ விடவில்லை. சென்ற மார்கழியில் ஒருமுறை, தையில் ஒருமுறை. மாசியில், பெரிய ஆஸ்பத்திரியின் கட்டிலில், மூக்கில் குழாயோடு என் கையைப் பிடித்து இழுத்தாய். "எம் மக எனக்கு வேண்டிப் பூசிட்டு வந்திருக்கா. அதோட ஏழு. பைய ஒரு நட போயிப் பாரு ளா." பார்க்கிறேன் என்றேன். இரண்டாம் நாள் நீ இல்லை. நான் பார்க்கவும் இல்லை. ஏழாவது பூச்சில் உன் பெயர் கீறியிருக்கிறது. அதன் மேல் மட்டம் வைக்க என்னால் இயலாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். துக்கம் என்று பெயரிட்டால் எந்தச் சோம்பலுக்கும் மதிப்பு வந்துவிடுகிறது.

மறுகால் உயர்ந்தால் நீர் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடும். தாழ்ந்த இடம் அந்த மூலை. மண்கரையின் மேல் நீர் ஏறினால் அறுத்துக்கொண்டு, தேங்கியதெல்லாம் ஒரே பாய்ச்சலில் இறங்கும். மூலைக்குப் பின்னால் முதல் வீடு உன்னுடையது; இப்போது உன் மகள் இருக்கிறாள். அவள் பிள்ளை இப்போதுதான் தவழ்கிறது.

காலையில் மட்டம் பார்த்த கையோடு அவளிடம் போனேன். ஏழு பூச்சையும் உடைக்க வேண்டும் என்றேன்.

"அது எங்கம்மைக்கு வேண்டிப் பூசினது, சித்தி."

 அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "அம்மதான் ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாளே. நீங்க அப்பவே வந்து பாத்திருந்தா நான் பூசியிருக்கவே மாட்டேன்லா?"

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுகாலுக்கு நடந்தேன். அவளும் பிள்ளையோடு பின்னால் வந்தாள்.

சங்கத் தலைவர் அண்ணாச்சி ஓடி வந்தார். "ஏம்மா, அம்மன் அடுப்புல கடப்பாரையப் போட்டா ஊரு சும்மா இருக்குமா? மழ போவட்டும், பாத்துக்கிடலாம்."

"மழைக்குப் பிறகு பார்க்க என்ன மிஞ்சும், அண்ணாச்சி?"

கீழத்தெருவின் மூத்த கிழவி, முதல் பூச்சுக்குச் சொந்தக்காரி, இடுப்பில் கைவைத்து நின்றாள். "எம் மட்டம் தப்பாது தப்பாதுன்னு சொன்னியே தாயி. இப்ப என்ன, அது மாடியேறி ஒக்காந்துட்டோ?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே உன் மகள் பிள்ளையை என் தோளில் போட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்து, உன் பெயரின் மேல் முதல் அடியை அடித்தாள். சிரிப்பு நின்றது. அதன்பின் எவரும் தடுக்கவில்லை. கிழவி மட்டும் தன் பூச்சு உடைவதற்கு முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிற்பகலுக்குள் கல்தளம் வெளிப்பட்டது. நாம் பாவிய கல்லேதான். உன் மகள் குழாயின் மறுமுனையைப் பிடிக்க, மறுபடியும் மட்டம் பார்த்தேன். மறுகாலுக்கும் கரையின் மூலைக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தேன். இன்று இரண்டு விரற்கடைதான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் கரையும் தணிந்திருக்கிறது. அதையும் நான் பார்க்கவில்லை. கிடைத்த சாக்குகளில் எல்லாம் மண் நிரப்பி மூலையில் அடுக்கினோம். அது போதுமா?

அதைத்தான் அவர்களும் கேட்டார்கள். தெருவே திரண்டு நின்று, "தண்ணி வருமா வராதா? ஒரு வார்த்த சொல்லு" என்றார்கள். 

"தெரியவில்லை" என்றேன். "என் கணக்கு தவறியிருக்கிறது. இன்னும் எங்கே தவறியிருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேலத்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்."

 அப்போது அந்தக் கிழவிதான் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "ஏ, இவளே தெரியலைங்கா. இதுக்கு மேல என்ன வேணும்? கெளம்புங்கட்டீ."

மேலத்தெருப் பெண்கள் பாய்களோடு வந்து அவர்களை அழைத்துப் போனார்கள். நான் இங்கேயே கரையருகில் இருக்கப் போவதாகச் சொன்னதும், ஒவ்வொருத்தியும் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "நீதான இங்கன கெடக்கப் போற. தண்ணி உள்ள வந்தா அரிசிச் சாக்க மட்டும் கட்டில்ல தூக்கி வச்சுரு." உன் மகளும் கொடுத்தாள். 

பயம் உள்ளவர்களைப் பற்றி எனக்கு மதிப்பில்லாத ஒரு காலம் இருந்தது. மழைக்கு முந்திய ஒவ்வொரு காலையிலும் நீ மண்வெட்டியோடு கரையைச் சுற்றி வருவாய். மலைக்காட்டுப் பழக்கம் என்று நான் கேலி செய்வேன். இப்போது அந்த நடையை நான் நடக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் இந்த ஒரு மணி நேரத்தில் நான்கு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடமிருந்து நான் பெற்றது இதுதான் என்று சொன்னால் நீ கோபிக்கக் கூடாது. நூல்களில் எங்கும் இது எனக்குக் கிடைக்கவில்லை.

மடியில் முப்பது சாவிகள் கனக்கின்றன. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று எனக்குத் தெரியாது; கேட்டு வைத்துக்கொள்ளவும் மறந்துவிட்டேன். உன் வீட்டுச் சாவியை மட்டும் அறிவேன். அதைத் தனியே எடுத்து உள்ளங்கையில் இறுக்கி வைத்திருக்கிறேன்.