மதிலோரம் நான் சொன்ன சொல்

என் பிரியமுள்ள அண்ணன் சவரிமுத்துவுக்கு,

அந்த வண்டியின் ஸ்டியரிங் திரும்பவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டு மதிலில் நீ மோதியதற்கு அதுதான் காரணம், குடி இல்லை. போன வருஷம் தவக்காலத்தில் நீ சொன்னது அத்தனையும் உண்மை. அன்று பத்துப் பேர் முன்னால் நான் சொன்னது பொய்.

இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இந்தக் கடுதாசியை அச்சடித்து நம் ராயபுரம் டாக்சி ஸ்டாண்டிலும் அந்த மதிலிலும் ஒட்டப்போகிறேன். சுவரில் ஒட்டின காகிதத்தைக் கடைசி வரை நின்று படிக்கிறவன் யார்? நாலு வரியோடு நகர்ந்து போகிறவனுக்கும் விஷயம் தெரிந்துவிட வேண்டும்.

வருகிற ஞாயிறு உனக்கு முதலாண்டு பூசை. இந்த வருஷமும் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. காசிமேட்டுக் கல்லறையில் உன் குழிமேல் போட்ட மண் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. ஆள் விட்டு மேடு கட்டச் சொல்லியிருக்கிறேன். மூத்தவள் தெரேசா டைப்பு அடிக்கக் கற்றுக்கொள்கிறாள். சின்னவள் உன்னைப் போலவே சாப்பிடும்போது பேசமாட்டேன் என்கிறாள். அண்ணி என்னோடு பேச ஆரம்பித்து மூன்று மாசம்தான் ஆகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

வெளியாட்களும் படிப்பார்கள், அதனால் ஆதியிலிருந்து வருகிறேன். நான் பழைய கார் வாங்கி, சரி பண்ணி விற்கிறவன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் ஷெட். கையில் ஒன்றுமில்லாமல், துறைமுக வாசலில் உடைந்த லாரிச் சாமான் பொறுக்கி விற்று மேலே வந்தவன். உனக்குத் தெரியாததா? அந்த முதல் சாமான் மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்ததே நீதானே.

மர டிப்போ வரதராஜன் முதலாளி பிறகு வாங்கிய கறுப்பு வண்டி என் ஷெட்டுக்கு வந்தபோது எஞ்சின் நன்றாக இருந்தது, ஸ்டியரிங் மட்டும் தொளதொளவென்று ஆடியது. என் மெக்கானிக் ரஹீம் பாய் ஸ்டியரிங் தண்டை உருவி, அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டினார். தண்டின் அடிமுனையில் திருகு மரை மாதிரி ஒன்று இருக்கிறது. அது சுற்றினால்தான் முன்சக்கரம் வளையும். எந்த வண்டியும் அதிக நேரம் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் மரை நடுவில் தேய்ந்து, இரண்டு ஓரத்திலும் புதுசு போலவே இருந்தது. பெட்டி மூடிக்கு அடியில் காலண்டர் தாள் கனத்தில் சில தகடுகள். அதில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டால் மூடி கீழே இறங்கி, உள்ளே எல்லாம் இறுகும், ஆட்டம் நின்றுவிடும்.

“நடுவுல டைட்டு வெச்சா ஓரத்துல போய் புடிச்சிக்கும்பா ஆரோக்கியம்,” என்றார் பாய். “வளைவுல ஒருத்தன் முழுசா ஒடிச்சான்னு வெய்யி, அங்கியே நின்னுக்கும். வேற மரை போடு.”

வேறு மரைக்கு நான் எங்கே போவது? கப்பலில் வரவேண்டிய சாமான், இறக்குமதி லைசென்சு வைத்திருப்பவன் கேட்கிற விலை.

“வாங்குறவன் இன்னா பண்ணுவான் பாய்?” என்றேன். “உள்ள ஒக்காருவான், ரெண்டு வெரலால ஸ்டியரிங்க ஆட்டுவான். ஆடக் கூடாது. அவ்ளோதான் நம்ம வேலை. எடு தகட்ட.”

மூன்று தகடு எடுத்தார். எதையும் தூக்கி எறியாத மனுஷன். அந்த மூன்றையும் ஒரு கம்பியில் கோத்து, ஷெட்டுத் தூணில் ஆணியில் மாட்டினார்.

வரதராஜன் முதலாளி வந்தார், உட்கார்ந்தார், இரண்டு விரலால் ஆட்டினார். ஆடவில்லை. பேரம் முடிந்தது. அவருக்கு நல்ல டிரைவரும் வேண்டும் என்றார். என் அண்ணனைத் தருகிறேன் என்றேன். வண்டியோடு உன்னையும் சேர்த்துத்தான் கொடுத்தேன் அண்ணே.

மூன்றாம் மாசம் நீ ஷெட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாய்.

“டேய், ஓரத்துக்குப் போனா இன்னாமோ இறுக்குதுடா.”

“ஆயில் உடுண்ணே.”

“உட்டாச்சி.”

“அப்ப இன்னும் ஒரு மாசம் ஓட்டு. தானா செட்டாயிடும்.”

“மொதலாளி காதுல போட்டு வெக்கட்டா?”

“போடு. தம்பி வித்த வண்டி டப்பான்னு அண்ணனே போய் சொல்லு. ஊரே என் ஷெட்டுக்கு ஓடி வரும்.”

நீ சிரித்தாய். “வியாபாரின்னா வியாபாரிதான்டா நீ,” என்று என் தலையில் தட்டிவிட்டு, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாய். முதலாளியிடம் சொல்லவேயில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. பின்சீட்டில் முதலாளியின் தாயார். சுடுகாட்டு மதில் ஓரமாக இடது பக்கம் ஒடிக்கும் இடம், நம் ஊர் டிரைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு திரும்பும் இடம். வண்டி திரும்பாமல் நேரே மதிலுக்குப் போனது. வேகம் இல்லை, ஆனாலும் அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

தகவல் வந்து நான் ஓடி வருவதற்குள் வண்டியைப் பின்னால் தள்ளி, சக்கரத்தை நேராக்கியிருந்தார்கள். ஸ்டாண்டு டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். உன் உதட்டில் ரத்தம். “திரும்பல மொதலாளி. ஒடிச்சேன், பாதியில நின்னுக்கிச்சி,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

முதலாளி என்னைப் பார்த்தார். “உன் வண்டி, உன் அண்ணன். நீயே பாத்துச் சொல்லு ஆரோக்கியம்.”

ஜன்னல் வழியாகக் கையை விட்டேன். இரண்டு விரலால் ஸ்டியரிங்கை ஆட்டினேன். ஆடவில்லை.

“ஸ்டியரிங்கு கச்சிதமா கீது மொதலாளி,” என்றேன்.

ஓரம் வரைக்கும் திருப்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் திருப்பிப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் ஒருவன், “சவரி எப்பவும் போடுற ஆளுதானே,” என்றான். மதுவிலக்கு இருக்கிற ஊர். வாடை அடித்தாலே உள்ளே வைத்துவிடுவார்கள். முதலாளி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “போலீசு வாணாம் மொதலாளி. மனுசன் எப்பவோ ஒரு நாள் கொஞ்சம்... விட்டுடுங்க. நான் வேற டிரைவர் தரேன்.”

தெரேசா சிறுமியாகப் பூசையில் முதல்முதலாகப் புது நன்மை வாங்கிய அன்றே நீ குடியை விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அது அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். உன்னை ஜெயிலிலிருந்து காப்பாற்றினேன் என்றுதான் அன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டேன்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு நடந்து போனாய். அதற்குப் பிறகு ஸ்டியரிங் என்ற பேச்சையே நீ யாரிடமும் எடுக்கவில்லை என்று அண்ணி சொல்கிறார். ஏன் அண்ணே? உனக்குப் புரிந்துவிட்டதா?

கேட்கிறவர்களிடம் எல்லாம், ரஹீம் பாய் சொன்னது அன்றைக்கு எனக்கு மறந்தே போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். முதலாளியிடமும் அப்படித்தான் சொன்னேன். உனக்கு எழுதும்போது அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. மறந்துபோனவன் என்றால் ஏன் அந்த ஓரத்துக்கு மட்டும் கையைக் கொண்டுபோகவில்லை?

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஸ்டாண்டில் உனக்கு ‘மதில் சவரி’ என்று பெயர் வைத்தார்கள். “இன்னா மதில் சவரி, இன்னிக்கி எந்த சொவுரு?” என்று டீக்கடையில் கேட்பார்கள். ஒருத்தனும் உன் கையில் வண்டியைக் கொடுக்கவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் சிமிட்டி மூட்டை இறக்கப் போனாய், ஐம்பதை நெருங்கும் வயதில். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கியது. மழைக்காலம் வந்ததும் இருமல் வந்தது. இருமல் நிற்பதற்குள் நீ நின்றுவிட்டாய். அடக்கத்துக்கு ஸ்டாண்டிலிருந்து இரண்டே பேர்தான் வந்தார்கள்.

இந்த ஆடியில் அந்தக் கறுப்பு வண்டி திரும்ப என் ஷெட்டுக்கு வந்தது. எஞ்சின் விட்டு விட்டு ஓடுகிறது என்று அனுப்பியிருந்தார்கள். ரஹீம் பாய் டிஸ்டிரிபியூட்டரைத் திறந்து கருகிப்போன பாயின்ட்டை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார், டைமிங் பார்த்து வைத்தார். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. கொண்டுவந்த புது டிரைவர் ஏழுமலை நல்ல வாட்டசாட்டமான ஆள். கிளம்பும்போது சொன்னான்:

“இன்னொரு பேஜாரு கீது பாய். முழுசா ஒடிச்சா ஸ்டியரிங்கு புடிச்சிக்குது. நான் தம் கட்டி இஸ்துகினு கீறேன். வர வர ஜாஸ்தியாவுது.”

“எத்தினி நாளா?” என்றேன்.

“நான் வந்ததுலேர்ந்தே. இந்த வண்டி கொணமே அப்டித்தான்னு நெனச்சேன் நைனா.”

ரஹீம் பாய் கையைத் துடைத்துக்கொண்டார். தூணுக்குப் போனார். ஆணியிலிருந்து அந்தக் கம்பியை எடுத்து வந்து, நான் கணக்கு எழுதும் மேஜைமேல் வைத்தார். மூன்று தகடும் துருவேறி இருந்தன.

“இத்த நீ போடுறியா, நான் போடட்டா?” என்றார்.

நானே போய் வண்டியில் உட்கார்ந்தேன். இடது பக்கம் கடைசி வரை ஒடித்தேன். நின்றுகொண்டது. என் உடம்பு உனக்குத் தெரியும். மொத்தப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மதில் முன்னால் வந்துகொண்டே இருக்க, இப்படித்தானே இழுத்திருப்பாய் அண்ணே? எவ்வளவு நேரம் இழுத்தாய்?

மறுநாள் காலை அண்ணியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி அழவில்லை. பெட்டியைத் திறந்து உன் டிரைவிங் லைசென்சை எடுத்துக் காட்டினார். போன ஆவணியில் நீ அதைப் புதுப்பித்திருந்தாய். சிமிட்டி மூட்டை சுமந்துகொண்டிருந்தவன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய் லைசென்சு புதுப்பித்திருக்கிறாய். யார் கூப்பிடுவார்கள் என்று?

நான் கொண்டுபோன பணத்தை ஸ்டூல்மேல் வைத்தேன். அண்ணி அதைத் தொடாமல் என் பக்கம் ஸ்டூலையே நகர்த்தினார்.

“எனுக்கு துட்டு வாணாம் தம்பி. அவுரு பேரு எங்க போச்சோ, அங்கியே போய் எட்த்துகினு வா.”

“எப்டி அண்ணி?”

“எந்த சொவுத்தாண்ட நின்னு சொன்னியோ அங்கியே நில்லு. யாரு யாரு கேட்டாங்களோ அவுங்கள கூப்டு. உன் மொதலாளியும் வரணும். வந்து, உங்க அண்ணன் மேல தப்பு இல்லேன்னு அவுரு வாயால சொல்லணும்.”

வரதராஜன் முதலாளியிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆரோக்கியம், நீ பொய் சொன்னா எனக்குப் புரியும். உண்மை சொல்றேன்னு வந்து நிக்கிறியே, இதுல உனக்கு என்ன ஆதாயம்னுதான் புரியல. எஞ்சின் இப்ப நல்லா ஓடுதாம். வண்டிமேல கோளாறு சொல்லி அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்கப் பாக்குறியா?”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அவரை, வண்டியை நான் நிறுத்தி வைத்திருந்த ஷெட்டுக்கு அழைத்துப்போய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, கடைசி வரை ஒடிக்கச் சொன்னேன். ஒடித்தார். நின்றது. அவர் கை ஸ்டியரிங்கிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“சொல்லிகிட்டே இருந்தாரே,” என்றார் மெதுவாக. அன்றைக்கு உன்னை ‘அவன்’ என்றவர் அண்ணே.

ஆனால் அவரும் வியாபாரி. வண்டியிலிருந்து இறங்கும்போதே பேரத்தை ஆரம்பித்துவிட்டார். மதிலோரம் நாலு பேர் முன்னால் நின்று உன்மேல் தப்பில்லை என்று சொல்ல அவர் வருவார். ஆனால் இந்த வண்டியில் இனி அவர் வீட்டில் யாரும் ஏறமாட்டார்கள், அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வண்டி பேரம் பேசின வாய் எனக்கு. ஓட்டின மைலுக்குக் கழிக்க வேண்டும், நசுங்கின முன்பக்கத்துக்குக் கழிக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வண்டியை இனி யாருக்கும் விற்கமாட்டேன். ஸ்டியரிங்கைக் கழற்றி உடைத்து இரும்புக்குப் போட்டுவிடுவேன். இனி என் ஷெட்டில் யார் வண்டி பார்க்க வந்தாலும், இரண்டு விரலை எடு, முழுக் கையால் இரண்டு ஓரத்துக்கும் ஒடித்துப் பார் என்று நானே சொல்வேன். வியாபாரம் குறையும். குறையட்டும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. நீ ஏற்றுக்கொள்வாயா என்று கேட்க எனக்கு வழியில்லை.

பேசி முடித்தது இதுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் மூலக்கொத்தளம் மதிலோரம் முதலாளி வருகிறார், ஸ்டாண்டு ஆட்கள் வருகிறார்கள், அண்ணியும் பிள்ளைகளும் முன்னால் நிற்பார்கள். முதலில் நான் சொல்ல வேண்டும், அப்புறம் அவர். வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், விற்ற விலைக்கே: ஆறாயிரத்து இருநூறு ரூபாய், ஒரே தவணையில். மதிலில் அடிபட்ட இடத்துக்குக் கழிவு கிடையாது.

இப்படிக்கு,
நீ மூட்டை தூக்கிவிட்ட தம்பி,
ஆரோக்கியம்