லோர்வென் பிரபு போடாத கையெழுத்து

மட்டாஞ்சேரி,
9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தன்யாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அனிலும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். எனக்குக் கடையில் பில் எழுத வரும், கடிதம் எழுத வராது, அது உனக்குத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, படிக்கிறவளுக்கு ஒழுங்காக இருக்கும்படி எழுது என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இவள் எழுத்து நம் எல்லார் எழுத்தையும்விட நன்றாக இருக்கிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்கலாம். மூன்று வாரமாக நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில் வீட்டு விஷயங்கள். போன வாரம் வேலியேற்றத்தில் கடல் ஏறிக் கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது, கடைப் படி வரைக்கும். கீழ் அலமாரியில் இருந்த மரப்பெட்டிகளை நானும் அடுத்த கடை முகமது இஸ்மாயிலும் தூக்கி மேலே வைத்தோம். அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள், இருந்தும் தூக்க வந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தன்யாவுக்குப் பரீட்சை நடக்கிறது. பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள், இதை அவளையே எழுத வைத்திருக்கிறேன். நீ அங்கே குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போ. நைட் டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, சாப்பிடாமல் தூங்காதே. அம்மா சொல்வது இதுதான், நான் சொல்வதும் இதுதான், நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்வது இப்போதைக்கு இது ஒன்றுதான்.

இனி நான் சொல்ல வேண்டியது. அந்தப் பிரபுப் பட்டத்தை நான் ஏன் வாங்கினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, எதற்கு வாங்கினீர்கள் என்று கோபத்தில் கேட்டாய், அது வேறு. இப்போது சொல்கிறேன். போன வருஷம் உன் கல்யாணப் பேச்சுக்காக முதல் முதலாகப் பள்ளுருத்தியில் அனில் வீட்டுக்குப் போனோமே, நீ உள்ளே அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாய். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். அடுப்படியில் யாரோ ஒரு பெரியவர் இன்னொருவரிடம் "பாண்டிடெ மோளல்லே?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டாரோ, சும்மா அடையாளத்துக்குக் கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர், தமிழ்நாட்டுக்காரன் என்பதால், என்னைப் பாண்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மிளகு மூட்டை தூக்கிய காலத்தில் அதுதான் என் பெயர். அப்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். ஆனால் உன்னைப் பாண்டியின் மகள் என்று சொன்னதும் கை ஈரத்தைத் துடைக்கக்கூட மறந்துபோய் அங்கேயே நின்றேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கம்ப்யூட்டரில் அந்த விளம்பரம் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு பழைய அரச குடும்பத்தின் பெயரில் நடக்கிற கம்பெனி. பணம் கட்டினால் லோர்வென் என்ற இடத்துக்கு என்னைப் பாரன் ஆக்குவார்கள், பாரன் என்றால் பிரபு. ஒரு பட்டயம், தோளில் போட நீலப் பட்டை, அந்த ஊர் மண் ஒரு சின்னக் குப்பியில். வருஷா வருஷம் ஒரு தொகை கட்டி வந்தால் பட்டம் என் பெயரிலேயே இருக்கும்.

(அக்கா, இது தன்யா. இங்கிலீஷ் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். கதைகளில் பாரன்களைப் பற்றிப் படித்திருந்தேன், நம் அப்பாவும் ஆகப் போகிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். லோர்வென் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. என் மேலும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்.)

அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். அட்லஸ் விஷயம் எனக்கே இப்போதுதான் தெரியும். ஆனால் மகா, அவள் சொல்லியிருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. ஜூ டவுனில், இந்த யூதர் தெருவில், என் பிழைப்பு என்ன? புதுப் பித்தளை விளக்கைக் கறுக்க வைத்து, புது மரப்பெட்டிக்குப் பழைய ஆணி அடித்து, பார்த்தால் நூறு வயது என்று தோன்றும்படி வைக்கிறேன். வெள்ளைக்காரர்கள் கேட்டால் ரொம்பப் பழசு என்கிறேன். காகிதத்தை டீத்தண்ணீரில் முக்கி வெயிலில் காயவைத்தால் எப்படிப் பழுப்பேறும், மடிப்பில் எப்படிக் கறை தங்கும் என்று இந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டயம் தபாலில் வந்து உறையைப் பிரித்துக் கையில் எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. மடிப்பில் கறை தங்கியிருந்தது. அரக்கு முத்திரை நேற்று ஊற்றியது. முகர்ந்துகூடப் பார்த்தேன். தெரிந்தும்தான் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். என்னிடம் சாமான் வாங்கிப் போகிறவர்களில் சிலருக்கும் இப்படித்தான் தெரிந்திருக்குமோ என்னவோ. ஏமாந்தேன் என்று சொன்னால் உனக்குக் கோபம் கொஞ்சம் குறையும். நான் ஏமாறவில்லை அம்மா.

பிறகு நடந்தது நீ பார்த்ததுதான். நிச்சயத்துக்கு நான் நீலப் பட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். அனில் வீட்டுக் குழந்தைகள் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அனிலின் அப்பா மட்டும் சிரிக்காமல் எனக்கு நாற்காலி போட்டார். அவர் கண்ணில் ஒரு பரிதாபம் இருந்தது, அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கடைத்தெருவிலும் நான் ஆள் மாறிவிட்டேன். இஸ்மாயில் "எந்தா பிரபோ, இன்னிக்கி சாயா நம்ம கூட குடிக்குமோ, அல்ல வெள்ளிக் கப்புல தானோ?" என்று கேலி செய்ததற்காக ஒரு மாதம் அவரோடு சாயா குடிக்கப் போகவில்லை. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் பட்டத்தை அச்சடிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது அனிலின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணாச்சீ, நம்மக்கு ரண்டாள்க்கும் பேரு மாத்ரம் மதி" என்றார். பெயர் மட்டும் போதும் என்று அவர் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கோ, என்னிடம் வெறும் பெயர்தான் இருக்கிறது என்று அவர் குத்திக் காட்டியதாகப் பட்டது. பட்டம் இல்லாமல் பத்திரிகை இல்லை, பத்திரிகை இல்லாமல் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நீ போனில் "அப்ப பத்திரிகையே வேண்டாம்பா. நாங்க இங்கயே ரெஜிஸ்டர் பண்ணிக்கிடுதோம்" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

அந்த ரெஜிஸ்டருக்கு நீ எங்களிடம் கேட்டது ஒரே ஒரு காகிதம். இவளுக்கு இதற்கு முன் கல்யாணம் ஆகவில்லை என்று தாயும் தகப்பனும் முத்திரைத்தாளில் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பரில் கேட்டாய். அம்மா ஜனவரி முதல் வாரமே வக்கீல் ஆபீஸுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பக்கத்தில் என் இடம் காலியாக இருந்தது. லோர்வென் பிரபு என்று சேர்த்து அடித்துக் கொடுத்தால்தான் போடுவேன் என்றேன். அம்மா அன்றைக்கு "நீங்க எந்த ஊருக்கு வேணும்னாலும் ராசாவா இருந்துக்கோங்க. எம் மகளுக்கு அப்பனா ஒரு கையெழுத்தப் போட்டுட்டு அப்புறம் போயி இருங்க" என்றாள். நான் காகிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். ஏழு வாரம் அது உள்ளே கிடந்தது. நீ கூப்பிட்டுக் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றேன். நீ வந்து கெஞ்ச வேண்டும் என்று நினைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி இருபத்தொன்று உங்களுக்குக் கிடைத்த தேதி. அதற்கு நாலு நாளுக்கு முன்னால் கூப்பிட்டு, "அந்த ஆபீஸம்மா தேதிய வேற யாருக்கோ குடுத்துட்டாங்கப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். அனில் லீவு போட்டிருந்தான், உன் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் சமைத்துப் போடுவதாக இருந்தார்கள் என்பதெல்லாம் தன்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அம்மா எனக்குச் சோறு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அடுத்த வாரம் தேவராவில் ஒரு ஆபீஸுக்குக் குத்துவிளக்கு கொண்டு போனேன். கட்டடக்காரர்களுக்குச் சென்ட்ரிங் தகடு வாடகைக்கு விடுகிற பாண்டியராஜன் என்பவருடைய ஆபீஸ், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். உள்ளே நுழைந்தால் அவர் தலைக்கு மேலே சுவரில் என் பட்டயம் தொங்குகிறது. அதே முத்திரை, அதே பழுப்பு, அதே லோர்வென். விளக்கைக் கீழே வைக்காமல் நின்றேன். "என்ன அதையே பாக்கீரு? நான் லோர்வென் ஊருக்குப் பிரபுவாக்கும்" என்றார். நானும்தான் என்றேன். ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மேசையை அடித்து அடித்துச் சிரித்தார். "ஒரே ஊருக்கு ரெண்டு பிரபுவா! அப்ப தீர்வை யாரு பிரிக்கது, நீரா நானா? உமக்கும் மண்ணு வந்துச்சா? எம் பொஞ்சாதி அதக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டா. செடி பட்டுப்போச்சு வே!" எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தேன்.

டீ வந்தது. எதற்கு வாங்கினீர் என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. கிளம்பும்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். போன வருஷம் அவர் மகள் கல்யாணம். ஒவ்வொரு படத்திலும் அவர் நீலப் பட்டையோடு நடுவில் நிற்கிறார், பெண்ணும் மாப்பிள்ளையும் ஓரத்தில். "மகளுக்குன்னு போட்ட ஆல்பம். போகும்போது எடுத்துட்டுப் போகல. மறந்துட்டான்னு நெனச்சு ரெண்டு தடவ சொல்லிவிட்டேன். நீங்களே வச்சுக்கோங்கப்பா, நீங்கதான நெறைய இருக்கீங்கன்னுட்டா" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆல்பத்தை மூடும்போது கை மட்டும் கொஞ்சம் நேரம் அட்டை மேலேயே இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. அவர் மகள் கல்யாணத்தில் அவர் ஓரிடத்திலாவது நின்றார். வீட்டுக்கு வந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். என் கதை அவருக்கும் எட்டியிருக்கிறது. "பாரன் சேர்க்கண்டே?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். சேர்க்க வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது, அதற்காக உன் தேதியை விழுங்கினேன். வெளிநாட்டுக்கு வேண்டிய அரசாங்க முத்திரையும் வாங்கியாயிற்று, அதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. நேற்று காகிதத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். ராத்திரி நான் கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

பட்டயத்தைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் அது பொய். பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறேன். இந்த வருஷத் தொகை கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கட்டவில்லை. கட்டாவிட்டால் பிரபு இல்லையாம். அனிலின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவர் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்துவிட்டார், அதைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமலே வந்தேன். இன்னொரு நாள் போய்ச் சொல்வேன்.

(அக்கா, அப்பா இங்கே நிறுத்திவிட்டார். மாடிக்குப் போய் நின்றுவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார்.)

மகா, அந்த ரெஜிஸ்டர் ஆபீஸ் படிவத்தை நீ அனுப்பியிருந்தாயே, அதில் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தன்யாவை வாசிக்கச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பெயரை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்களாம். நம் வழக்கப்படி உன் பாஸ்போர்ட்டில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயர். ஆஸ்பத்திரியில் உன் சட்டையில் குத்தியிருக்கிற அட்டையிலும் இசக்கிதுரை என்றுதான் இருக்கிறது, வாய் நுழையாத அந்தப் பெயரை அங்குள்ள நோயாளிகள் நாள் முழுக்கச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தன்யா சொன்னாள். எனக்கு அது தெரியவே தெரியாது. நீ அதை விட்டுவிட்டு அனில் குடும்பப் பெயரை வைத்துக்கொள்வதாக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுது என்றேன். தன்யா எழுதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சரி. வருத்தம் இருக்கும். இருந்தாலும் அந்த இடத்தில் நீ உன் இஷ்டத்துக்கு எழுது, என்னைக் கேட்க வேண்டாம். உன் கல்யாணத்துக்கு நான் வர வேண்டும் என்றும் கேட்கவில்லை.

நீயும் அனிலும் ஒருவர் மேல் ஒருவர் பிரியம் குறையாமல், நோய்நொடி இல்லாமல் ரொம்ப வருஷம் சேர்ந்து இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் கும்பிட்டுக்கொள்கிறோம். கூட வைத்திருப்பது அசல் காகிதம், மடிக்காமல் வை, லாமினேஷன் செய்துவிடாதே, செய்தால் செல்லாது என்று வக்கீல் சொல்லச் சொன்னார். புதுத் தேதி கிடைத்தால் அம்மாவுக்காவது சொல்.

உன் அப்பா,
இசக்கிதுரை
(கையெழுத்து மட்டும் அப்பா போட்டது.)