நூறடிக் குட்டையில் ஐம்பதடிப் படகு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

1998-இல் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் மிதத்தல் விதி நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஆரோக்கியராஜ் எழுந்து கேட்டான்: “டீச்சர், நம்மூர்ல முட்டி நனையற அளவுக்குக்கூடத் தண்ணி இல்லீங்க. எது மிதந்தா நமக்கு என்னங்க?” வகுப்பே சிரித்தது. “பின்னாடி உதவும், உக்காரு” என்றேன். பதில் தெரியாத கேள்விகளுக்கென்று எல்லா ஆசிரியர்களும் வைத்திருக்கும் பதில் அது.

இருபத்தேழு வருடம் கழித்து இன்று உதவிவிட்டது. என் வீட்டுக்காரர் கிட்டுசாமி ஆலப்புழையில் ஒரு படகு வாங்கியிருக்கிறார்.

நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பழைய சரக்குப் படகு. கெட்டுவள்ளம் என்று பெயராம். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியது. ‘தைத்தது’ என்று சொன்னதுமே இவர் விழுந்திருப்பார். பனியன் கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். உலகத்தில் எது தைக்கப்பட்டிருந்தாலும் அது தனக்குப் புரியும் என்று நம்புகிறார்.

திட்டம் இது. கொமரலிங்கத்தில் மாமனார் வயலில் இருக்கும் குட்டையில் படகை விடுவது. அதன் மேல் இரண்டு அறையும் சமையல்கட்டும் கட்டுவது. திருப்பூர் வீட்டை ஒரு கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மே கடைசியில் படகில் குடியேறுவது. குட்டை நூறடி நீளம். படகு ஐம்பதடி. புறப்பட்ட ஐம்பதாவது அடியில் பயணம் இனிதே முடிந்துவிடும். தலைசுற்றலுக்கு மாத்திரை தேவைப்படாது.

நான் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை? தீபாவளி சமயத்தில் இவர் கம்பெனிக்குத் தானாக வெட்டும் மெஷின் வந்தது. இவருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எது கேட்டாலும் “ம்”. சாப்பிடறீங்களா? ம். கரண்ட் பில் கட்டியாச்சா? ம். இன்றைக்குப் படகைப் பற்றிப் பேசிப் பேசி, தட்டில் மூன்று தோசையும் ஆறிப்போயின. தோசை ஆறும் அளவுக்கு ஒரு மனிதர் பேசும்போது குறுக்கே எப்படி நிற்பது?

“கக்கூஸ் எங்கீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“அது அப்பறம்” என்றார்.

பிப்ரவரி 22, சனி

படகு வந்துவிட்டது. பொள்ளாச்சி வழியாக நீளலாரியில். ஊருக்குள் திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்: “ஏனுங்க மாஸ்டர், படகு வந்துருச்சு, கடல் எப்ப வருதுங்க?”

இவர் கோபப்படவில்லை. “வாய்க்கால்ல தண்ணி உட்டா வந்துருமுங்க.”

குட்டையில் எருமை படுக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கிறது. அதனால் படகைக் கரையில் கட்டைகள் மேல் நிறுத்தியிருக்கிறோம். வெயில் நன்றாகப் படுகிற இடம்.

மார்ச் 2

படகுக்குப் பூசிய மீன் எண்ணெய் வாடை என் சேலையை விட்டுப் போகவில்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது. வசதிதான்.

மார்ச் 16, ஞாயிறு

மரவேலைக்கு மொக்கைச்சாமி வந்திருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனிகளுக்கு கட்டிங் டேபிள் செய்து தருபவர். இதற்கு முன் படகு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “கவுத்துப் போட்டா இதுவும் ஒரு டேபிள்தான டீச்சர்” என்றார். இந்தத் தன்னம்பிக்கையை நான் மாணவர்களுக்கு ஊட்டத் தவறிவிட்டேன்.

வாஸ்து பார்க்கக் குமாரசாமி என்பவரும் வந்தார். அடுப்பு தென்கிழக்கில்தான் இருக்க வேண்டுமாம். காற்றடித்தால் படகு திரும்புமே என்றேன். கண்ணை மூடித் திறந்து சொன்னார்:

“நாலு மூலையும் கட்டிப் போட்டுருங்க சாமி.”

“கட்டிப் போட்டா அது ஊடுதானுங்களே. படகு எதுக்குங்க?” என்றேன்.

பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனைக் காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் இவர் என்னைப் பார்த்தார்.

கழிவறைப் பேச்சும் எழுந்தது. நேராகக் குட்டைக்குள் விடுவதாக முதல் திட்டம். அந்தத் தண்ணீரில்தான் நீங்கள் சாப்பிடும் தட்டைக் கழுவுவேன் என்றேன். இப்போது கழிவறை கரையில், நாற்பது தப்படி தூரத்தில். மழைக்காலத்தில் பலகை மேல் குடையோடு போய்வர வேண்டும். வயதானவர்களுக்கு நடை நல்லது.

ஏப்ரல் 5, சனி

ஆறு வார வெயிலில் பலகைகள் காய்ந்து சுருங்கிவிட்டன. இடுக்குகளில் இருந்த பழைய நார் உதிர்ந்துவிட்டது. உள்ளே நின்றால் இடுக்கு வழியாக வெளியே தென்னை மரம் தெரிகிறது. காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. ஜன்னல் செலவு மிச்சம்.

இவர் ஸ்கேலை நுழைத்து அளந்தார். நாலு மில்லி, ஆறு மில்லி, ஓர் இடத்தில் எட்டு. அளந்து முடித்துவிட்டுக் கட்டைமேல் உட்கார்ந்தார். “காப்பி வேணுமா?” என்றேன்.

“ம்.”

இடுக்குகளைப் பார்த்து நான் பயப்படவில்லை. அந்த “ம்”மைக் கேட்டுப் பயந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பயந்தவள் யோசித்தேன், வழியும் கண்டுபிடித்தேன். நானேதான். ஆலப்புழையில் தென்னை நாரை வைத்து அடைப்பார்களாம். திருப்பூரில் இல்லாத ஒன்றைத் தேடுவானேன்? வெட்டி மிஞ்சிய பனியன் துணிதான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே. அதைக் கயிறு போல் முறுக்கி, தாரில் முக்கி, இடுக்கில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினால் தீர்ந்தது.

இவருடைய நண்பர் சேக் தாவூது பாய் வேஸ்ட் துணி வியாபாரி. மூன்று மூட்டையோடு வந்து இறங்கினார். “எக்ஸ்போர்ட் துணி டீச்சரம்மா. இதுவரைக்கும் மெஷின் தொடைக்கத்தான் போயிருக்கு. படகேறுறது இதுதான் மொதத் தடவை.”

இவர் துணியைக் கையில் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சித்ரா, இறுக்கி அடிக்க வேண்டாம். துணி வெட்டறப்ப சுருக்கத்துக்குன்னு அலவன்ஸ் உட்டுத்தான வெட்டுவோம். மரமும் தண்ணி பட்டா என்னமோ பண்ணுமில்ல? கொஞ்சம் எடம் உட்டு வெக்கலாம்.”

“ஏனுங்க, இது பனியனுங்களா, எம் சைஸ் எல் சைஸ் ஆகறதுக்கு? ஓட்டைக்கு அலவன்ஸ் உட்டா அதுக்குப் பேரும் ஓட்டைதானுங்க.”

மொக்கைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். பாயும் சிரித்தார். இவரும் சிரித்தார். அப்புறம் துணியை முறுக்க ஆரம்பித்தார். முப்பத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியவளிடம் என்ன சொல்வது?

ஏப்ரல் 19

அடைத்து முடித்தாயிற்று. ஒவ்வோர் இடுக்கையும் நானே சோதித்தேன். கத்தி முனைகூட இறங்கவில்லை. மொக்கைச்சாமிக்கு நூற்றுக்கு நூறு.

மே 31, சனி

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டோம். தென்மாவட்டத்திலிருந்து பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு டிரங்குப் பெட்டிகள். நாகஜோதி என்ற பெண் என் சமையலறையைப் பார்த்துவிட்டு, “நீங்க எங்க போறீங்க ஆன்ட்டி?” என்றாள். படகுக்கு என்றேன். சிரிக்காமல் இருக்க அவள் எடுத்துக்கொண்ட முயற்சியைப் பாராட்டுகிறேன்.

இவர் டேப்பையும் பழைய கத்தரியையும் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். படகு மிதக்கும்வரை நாங்கள் வயலில் இருக்கும் மோட்டார் ரூமில்.

ஜூன் 5, வியாழன்

மிதக்கிறது!

வாய்க்கால் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் சேர்ந்து குட்டையில் ஐந்தடி நின்றது. கிரேன் வைத்து இறக்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நாலு மூலையும் கயிறு. அடுப்பு தென்கிழக்கில். பால் காய்ச்சினோம். இவர் முன்முனையிலிருந்து பின்முனைக்கு நடந்தார், திரும்ப நடந்தார். பழைய கம்பெனிக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன். “சொட்டுத் தண்ணி வர்லீங்க! எல்லாம் டீச்சரம்மா ஐடியா!”

எல்லாரும் படகைப் பார்த்தார்கள். நான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6

உள்ளே எங்கோ ‘டக்’ என்கிறது. “செட் ஆகுது டீச்சர்” என்கிறார் மொக்கைச்சாமி.

ஜூன் 7, சனி

செட் ஆகிவிட்டது. குட்டையின் அடியில்.

காலையிலிருந்து ‘டக்’, ‘டக்’. பலகைகள் பிதுங்கின. தையல் கயிறுகள் இறுக்கமான சட்டையில் பொத்தான் தெறிப்பதுபோல் ஒவ்வொன்றாக அறுந்தன. எட்டு மணிக்கு சமையல்கட்டில் கணுக்கால் தண்ணீர். பத்து மணிக்குக் கட்டில் நனைந்தது. பதினொன்றுக்குப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதற்குமேல் போக ஆழம் இல்லை. முழுசாக முழுகக்கூட வக்கில்லாத குட்டை.

யாருக்கும் அடியில்லை. சாமான்களைத் தலையில் தூக்கி வந்தோம். இவர் ஈரக் கத்தரியோடு கரையில் நின்றார். 

ஜூன் 9

மோட்டார் ரூம். இன்று ஏழு “ம்”. வேறு சொல் இல்லை. இந்தச் சுவரில் பார்ப்பதற்கு மோட்டார் சுவிட்சாவது இருக்கிறது.

நான் இன்று ஒரு கேலியும் செய்யவில்லை. அதையும் அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று மாலை சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட்டேன். பாத்திரமெல்லாம் சேறு. அதனால் கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் விளிம்பு வரை கடலையைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அழுத்தி மூடினேன். காலையில் பார்த்தால் ஒரு கிளிப் உடைந்து, மூடி எழும்பி நிற்கிறது.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஜூன் மாசம் இதத்தான செஞ்சு காட்டுனேன்? காஞ்சது தண்ணி குடிச்சா ஊதும், எடம் இல்லீன்னா ஒடைச்சுட்டு வரும்னு நாந்தான சொன்னேன்? முப்பத்திரண்டு வருஷம்! வெயில்ல காஞ்ச பலகை தண்ணிக்குள்ள போனா ஊதாதா? ஊதறதுக்கு வெச்சிருந்த எடத்துல பூராவும் நான் துணிய அடிச்சு எறக்கி வெச்சிருக்கேன். கத்தி முனைகூட எறங்காம. நூத்துக்கு நூறு.

அவர் சொன்னார். எடம் விடலாம்னு அவர்தான் சொன்னார். நாலு பேர் முன்னாடி சிரிக்க வெச்சு வாயடைச்சவ நான். இப்போது தன்னுடைய படகு, தன்னுடைய தோல்வி என்று உட்கார்ந்திருக்கிறார்.

டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். “நீங்க சொன்னதுதானுங்க சரி. அலவன்ஸ் உட்டிருக்கோணும். முழுகடிச்சது நானுங்க.”

உடைந்த கிளிப்பைப் பார்த்தார். ஒரு கடலையை எடுத்தார். பையிலிருந்து காய்ந்த கடலை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் விரலால் அளந்து பார்த்தார்.

“எத்தன பர்சன்ட் ஊதியிருக்கும்?”

மூன்று நாளில் முதல் வாக்கியம். நான் பதில் சொல்லுமுன் டேப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

“நூத்துக்கு நூறு போட்டீங்களாமே டீச்சரம்மா.”

கேலியை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 13

மிஞ்சிய பலகைத் துண்டு ஒன்றை வாளியில் முக்கி வைத்து, காலையும் மாலையும் அளந்து, மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதுகிறார். பார்க்க மட்டுமே இருந்த சுவருக்கு ஒரு வேலை கிடைத்தது.

பாய் கடலோரத் தொண்டியில் படகு வேலை செய்யும் தன் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் சொன்னது: “காஞ்ச படகத் தண்ணிக்குள்ள போட்டு ஊற வைக்கிறதுதான் மொத வேலையே. மரம் குடிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் கை வைக்காதீக. அப்பறம் நாரை வச்சு லேசா அடைங்க.”

அதாவது, இதுவரை நாங்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் முழுகியதுதான்.

ஜூலை 8

நேற்று முன்தினம் தண்ணீரை இறைத்தோம். இடுக்குகளிலிருந்து தோண்டியெடுத்த பனியன் துணி மூன்று மூட்டை. பாய் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

படகு காயாமல் இருக்க ஈரச் சாக்கைப் போர்த்தி, இவரும் மொக்கைச்சாமியும் அறுந்த தையலைப் புதுக் கயிறு போட்டுத் தைக்கிறார்கள். தொண்டி மச்சான் வீடியோவில் மேற்பார்வை. “மாஸ்டரே, இழுங்க, ஆனா கழுத்த நெரிக்காதீக” என்று அவர் கத்துவது கரைவரை கேட்கிறது. நார் அடைக்கும் பக்கம் நான் போவதில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் யாரும் குடிபோக மாட்டார்கள். மோட்டார் சத்தத்தில் தூங்கப் பழகியாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. இந்த மாதத்தில் எதையும் தொடங்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் ஒரே நாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர். படகில் மறுபடியும் பால் காய்ச்சினோம். போனமுறை வந்தவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். டீக்கடைக்காரர் செருப்பைக் கழற்றாமலே ஏறினார், எதற்கும் இருக்கட்டும் என்று.

நாலு கயிறு கட்டவில்லை, ஒன்றுதான் கட்டினார். அடுப்பைப் பற்றவைத்தபோது அது தென்கிழக்கில் இருந்தது. பால் பொங்கும்போது காற்று எங்களை மேற்கே திருப்பியிருந்தது. குமாரசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

அடித்தளத்தில் உள்ளங்கை நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊறுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. இவரே சொன்னார்: “அது அலவன்ஸ்.” தினம் காலையில் ஒரு டம்ளரால் மொண்டு ஊற்றிவிடுவாராம்.

கழிவறை இன்னும் நாற்பது தப்படி தூரத்தில்தான் இருக்கிறது. அதற்கும் புதுத் திட்டம் இருக்கிறதாம். தோசை ஊற்றி வைத்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றும் ஆறிவிட்டன. ஆறட்டும்.

இந்த நோட்டுப் புத்தகத்தைப் பின்னால் யாராவது புரட்டினால், படிப்பதை நிறுத்திவிட்டு ஒன்று செய்யுங்கள்: ஒரு டப்பாவில் காய்ந்த கொண்டைக்கடலையை விளிம்பு வரை போட்டு, தண்ணீர் ஊற்றி, இறுக மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். கண்ணாடி டப்பா வேண்டாம்.