பத்து லிட்டருக்கு மேல் குடிக்காத டெம்போ

அத்தான்,

எத்தனை தடவை சோப்புப் போட்டும் கையிலிருந்து டீசல் மணம் போகவில்லை. போகாவிட்டால் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இந்த மணத்தோடுதான் நீங்கள் தினமும் சாப்பாட்டுக்கு வருவீர்கள். மீன்குழம்பு மணக்கிறதா டீசல் மணக்கிறதா என்று தெரியாத வீட்டில்தான் நான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன். அன்றைக்கு அதற்காக உங்களை ஏசாத நாளில்லை. இன்றைக்கு என் கையை நானே இரண்டு தடவை மோந்து பார்த்துக்கொண்டேன்.

நம் டெம்போ பழைய சேட்டையை மறுபடியும் தொடங்கியிருந்தது. அருமனை பங்க்கில் பத்து லிட்டர் இறங்குவதற்குள் பம்ப் 'டக்' என்று நின்றுவிடும். மீண்டும் அழுத்தினால் டீசல் கொப்பளித்து வெளியே துப்பும். போன வாரம் என் சேலை பாதி நனைந்துவிட்டது. பங்க்கில் நிற்கிற பெண், "மாமி, வண்டிக்கு வயசாயிட்டு, மாத்தப்பிடாதா?" என்றாள். வயதானதையெல்லாம் மாற்றுவதென்றால் முதலில் என்னைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் மஸ்கட்டில் இருக்கிற உங்கள் மகன் இதற்காகவே காத்திருந்தான். "டேங்கு கூட நெறையாத வண்டிய வச்சோண்டு என்ன செய்யப்போறிய அம்மா? போதும், இனி இஞ்ச வந்து இரியுங்க" என்றான். வியாழக்கிழமை வண்டி பார்க்க ஒருவர் வருவதாகவும் ஏற்பாடு செய்துவிட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. தோட்டம் தோட்டமாக நான் ஏற்றிப் போகிற ரப்பர் பால் யாருக்காகவும் காத்திருக்காது. டீசலுக்காக நடுவழியில் நின்றால் வெயிலேறிக் கேனுக்குள்ளேயே கட்டியாகிவிடும். ஆனால் வண்டி போனால் தோட்டக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் போன பிறகு காலையில் எழுந்திருக்க எனக்கு இருக்கிற ஒரே காரணம் அந்த வண்டிதான். மகனிடம் இதைச் சொன்னால் விம்மி அழுதுவிடுவான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இந்த நோய் வண்டிக்கு முதல் தடவை வந்தது நினைவிருக்கிறதா? முழங்கால் வலியால் உங்கள் கையிலிருந்த ஸ்டியரிங் என் கைக்கு வந்த புதிது. நான் ஓட்டுவேன். நீங்கள் இடப்பக்கம் இருந்துகொண்டு எனக்கும் சேர்த்து ஓட்டுவீர்கள். டீசல் இறங்கவில்லை என்றதும் நீங்கள் பழி போட்டது பங்க்குகளின் மேல். குலசேகரத்தில் "ஒங்க மெஷினில காத்துதான் வருது" என்று ஒரு சண்டை. திற்பரப்பு பக்கம் இன்னொன்று. அருவியில் குளிக்க வந்தவர்கள் ஈரத்தலையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு டேங்கின் வாயிலிருந்த வலையைக் கழற்றிக் கழுவினீர்கள். மூடியை மாற்றினீர்கள். வண்டி மசியவில்லை, பத்து லிட்டரோடு விரதம்.

நான்தான் கேட்டேன். "உள்ள டீசல் போணும்னா, உள்ள கெடக்கிய காத்து வெளிய வரண்டாமா?"

"அதுக்கு ஒரு சின்னக் குழா உண்டுட்டி" என்றீர்கள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. நீங்கள் பேசாமல் இருந்தால் எங்கேயோ ரப்பர் பாலை அப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நம் ஊரில் ரப்பர் பால் ஊற்றி அடைக்காத ஓட்டை எது? குடை, வாளி, மழைக்கோட்டு, சைக்கிள் டியூப். நீங்கள் ஒருபடி மேலே போய், காற்று வெளியேறுகிற அந்தச் சின்னக் குழாயில் விழுந்த வெடிப்பையும் பால் தடவி அடைத்திருந்தீர்கள். டீசல் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும் என்று ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்குத் தெரியவில்லை. பெருத்துப் பெருத்து அது குழாயையே மூடிவிட்டது. வாய் வைத்து ஊதினீர்கள், முகம் சிவந்ததே தவிர காற்றுப் போகவில்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி ஊதியபோது உள்ளே இருந்த டீசல் உங்கள் வாய்க்கு வந்தது. அன்று மாலை ஜெபத்தில், துப்பாமல் இறங்கிய டீசலுக்காக நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னபோது வீடு முழுவதும் பங்க் போல மணத்தது.

"மொதல்ல ஊதிப் பாக்கணும். பொறவுதான் ஆளுகள ஏசணும்" என்று எனக்கே உபதேசமும் செய்தீர்கள். இனிமேல் டீசல் போகிற வழியில் ரப்பர் பால் தடவ மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். "சத்தியம் பண்ணப்பிடாதுன்னு வேதத்தில இருக்கு. வாக்கு தாறேன்" என்றீர்கள். நான் நம்பினேன்.

புதன்கிழமை பாலை இறக்கிவிட்டு வந்ததும் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். யாரையும் ஏசாமல் முதலில் ஊதிப் பார்த்தேன். காற்று தடையில்லாமல் போனது. அப்படியானால் மீதி இருப்பது டீசல் இறங்குகிற தடித்த குழாய். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பை இளக்கிக் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். வெயிலில் வைத்த கருப்பட்டி போல என்னவோ இளகிக் கிடந்தது. தோண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரப்பர்.

குழாயின் மேல்பக்கம், கண் படாத மூலையில், பாலில் நனைத்த துணியைச் சுற்றி அதன்மேல் கருப்பு பெயின்டும் அடித்திருந்தீர்கள். வாக்குத் தந்த பிறகு, எனக்குத் தெரியாமல். வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிய பால் இத்தனை வருடமாகப் பையப் பைய ஊதி, இப்போது குழாயை முக்கால்வாசி அடைத்துவிட்டது.

வண்டிக்கு அடியிலேயே கிடந்து சிரித்தேன். பிறகு அழுதேன். பெயின்ட் அடித்த அந்த சாமர்த்தியத்தை நினைத்து மறுபடியும் சிரித்தேன். போன மனிதரோடு சண்டை போட ஒரு புதுக் காரணம் யாருக்குக் கிடைக்கும்? "கள்ளன்" என்று சத்தமாகவே சொன்னேன். மனசு நிறைந்துவிட்டது.

மார்த்தாண்டத்தில் போய் டீசலுக்குத் தாங்குகிற குழாயாகக் கேட்டு வாங்கி மாட்டினேன். பங்க்கில் டேங்க் ஒரே மூச்சில் நிறைந்தது. அந்தப் பெண் டேங்கின் வாயை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமி, இது நம்ம வண்டிதானா?" என்றாள்.

வியாழக்கிழமை வண்டி பார்க்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை கேட்டார்.

"விக்கல்ல தம்பி."

"பொறவு என்னத்துக்கு அக்கா வரச் சொன்னிய?"

"மொவன் சொன்னான். நான் சொல்லல்லியே. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுப் போகும்போது, "இந்தப் பழய வண்டி இனி எத்தன நாளு ஓடும்னு நெனைக்கிய?" என்றார். காலையில் பால் எடுக்கப் போகும் என்றேன். மகனிடமும் அதையேதான் சொன்னேன். "செரி, பாத்து ஓட்டுங்க" என்றான்.

அத்தான், அந்த வண்டியில் எனக்குத் தெரியாமல் நீங்கள் ஒட்டி வைத்த இடங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ. நான் தேடப் போவதில்லை. ஒவ்வொன்றாக அதுவாகவே இளகி வெளியே வரட்டும். அதுவரைக்கும் ஓட்டிக்கொண்டிருப்பேன்.