மருந்து தெளிக்காத கொடி

என்னங்க,

உங்கள் அண்ணன் வீட்டில் இன்னும் எத்தனை நாள் என்று நான் கேட்கப் போவதில்லை.

திராட்சை இலைகளில் மாவு தூவியதுபோல் மறுபடியும் சாம்பல் நோய். பூண்டுச் சாறு தெளித்தேன். முன்பெல்லாம் உங்கள் சட்டையில் வீசும் அதே நாற்றம். கை கழுவ மனம் வரவில்லை.

மருந்து கேட்கிறதா என்று பார்க்க, வருஷாவருஷம் ஒரு கொடிக்கு மட்டும் தெளிக்காமல் விடுவோமே! “பாவம்டி, அது மட்டும் என்ன பண்ணுச்சு?” என்பீர்கள். நான் அசந்த நேரம் அதற்கும் தெளித்துவிடுவீர்கள். எல்லாமே பச்சையாக நிற்கும். மருந்தாலா, தானாகவா? ஒன்றும் தெரியாது. கத்துவேன்.

இந்த வருஷம் அந்தக் கொடி மட்டும் வெளுத்து நிற்கிறது. நம் மருந்து வேலை செய்கிறது என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது.

தெளிப்பானில் கொஞ்சம் சாறு மிச்சமிருக்கிறது. வந்து வழக்கம்போல் கெடுத்து வையுங்கள்.

உங்கள் சண்டைக்காரி