மீனுவுக்கு இரண்டு யூனிட்

என்னங்க,

மின்சாரம் போய்விட்டதென்று இன்று காலை உங்கள் சின்ன டார்ச்சைத் தேடி எடுத்தேன். வெளிச்சத்தைக் கண்டதும் நம் பூனை மீனு வந்து காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காதுக்குப் பின்னால் டார்ச் அடித்து, நரம்பு தெரியும் இடத்தில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் நீங்கள் சர்க்கரை பார்த்ததை அவள் மறக்கவில்லை. நீங்கள் கண்மூடிய பிறகு அந்த வேலை என்னுடையது.

உங்களுக்கும் சர்க்கரைதான். கல்யாண வீட்டில் ஜாங்கிரி உள்ளே போனால், வீடு திரும்பியதும் அரை மாத்திரை கூடுதலாகப் போட்டு, "சரிக்கட்டியாச்சு" என்பீர்கள். டெல்லி மயூர் விஹாரில் நம் தமிழ் ஆண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம் அது. மீனுவுக்குச் சர்க்கரை வந்து, வேளைக்கு இரண்டு யூனிட் இன்சுலின் என்று டாக்டர் சொன்னபோது, அவளிடமும் அதே கணக்கைக் காட்டினீர்கள். பால்கனிக்கு வந்த குரங்கு அவளை விரட்டிய அன்று காலை சர்க்கரை எகிறியிருந்தது. "ஒண்ணு கூட்டிப் போட்டா இறங்கிரும்" என்று மூன்றாகப் போட்டீர்கள். மதியம் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அவள் கால் தள்ளாடி விழுந்தாள். ஈறில் தேனைத் தடவி, மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். செத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

பிழைத்தாள். பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாக ஏறும், ஒரு தடவை பார்த்ததை வைத்து அளவை மாற்றக் கூடாது என்றார் டாக்டர். அந்த டாக்டர் நம் மகனைவிடச் சின்னப் பெண். நீங்கள் சண்டைக்குக் கிளம்புவீர்கள் என்று பயந்து நின்றேன். நீங்களோ இந்தியில், "கல்தி மேரீ ஹை, டாக்டர்ஜி" என்றீர்கள். தப்பு தன்னுடையது என்று நீங்கள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தமிழில், என்னிடம், ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் அன்று உங்களை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதன்பிறகு அளவை மாற்ற வேண்டுமென்று தோன்றினால், பகல் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வப்போது சர்க்கரை பார்த்து, டாக்டரிடம் கேட்டு, அப்புறம்தான் அரை யூனிட் கூட்டுவதோ குறைப்பதோ. உங்கள் மாத்திரையில் கைவைப்பதையும் விட்டீர்கள்.

தீபாவளிக்கு மறுநாள், பட்டாசுக்கு மிரண்டு கிடந்த மீனுவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. வந்திருந்த மகன், ஒரு யூனிட் கூட்டிப் போடச் சொன்னான். நான் இரண்டுதான் போட்டேன். மாலைக்குள் இறங்கிவிட்டது. அன்று காலையில் அவனுக்குச் சொன்ன பதிலை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"உங்கப்பா வீட்ல ஒரு தடவ பாத்துட்டு ஊசியக் கூட்டுற பழக்கம் கிடையாதுடா."